இரசிகர் வாதமும் இசை வரலாறும்

ஓர் ஊரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர், வித்துவான்களின் பிறப்பையும் குருபரம்பரையையும் அவர்கள் பெற்ற பட்டங்களையும் பொன்னாடைகளையும் வரிசைப்படுத்துவதோடு தம் கடமை முடிந்ததெனக் கொள்வதுண்டு. வாசித்தவர் வரலாற்றில் இடம் பெறுகிறார்; கேட்டவர் இடம் பெறுவதில்லை. கேட்டவர் யார், எங்கே நின்று கேட்டார், அங்கே நிற்பதற்கு அவரை அனுமதித்தவர் யார், கேட்டபின் அவர் என்ன பேசினார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதே அருமை. ஆயினும் கலை என்பது வாசிப்பவரோடு முற்றுப்பெறும் ஒன்றன்று. விடியும்வரை கோயில் வீதியில் நின்று கேட்டு, மறுநாட் காலை சந்தையில் அதனைப் பற்றி வாதாடி, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த இரவின் ஓர் ஆலாபனையை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் இரசிகனும் அக்கலையின் ஒரு பகுதியே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய இரசிகர் வாதங்களுக்குக் குறைவிருந்ததில்லை. இராஜரத்தினத்தின் தோடி பெரிதா, காருகுறிச்சியின் குழைவு பெரிதா? தட்சணாமூர்த்தியின் தவிலில் வியக்கத்தக்கது கணக்கா, நாதமா? மனோகரன் பாடியதை இசை என்று சொல்லலாமா? திண்ணையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இவ்வினாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுந்தன. இன்று கடல் கடந்த நகரங்களிலும் எழுகின்றன. இவற்றை வேலையற்றோர் பேச்சென ஒதுக்குதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ வணிக நிறுவனமோ காக்காத ஒரு கலை மரபினை இவ்வாதங்களே பெருமளவிற் காத்து வந்துள்ளன. அதே வேளையில், இவ்வாதங்கள் பேசாது விட்டவை எவை என்பதையும் வரலாற்று மாணவன் கேட்டல் வேண்டும். சாவகச்சேரியை நிலைக்களனாகக் கொண்டு இவ்விரண்டையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயில் வீதி

தென்மராட்சியின் நடுநாயகமாக விளங்குவது சாவகச்சேரி. ஒருபுறம் மட்டுவில், மறுபுறம் மீசாலை, அப்பாற் கொடிகாமம். பலாவும் மாவும் தென்னையும் செழித்த மண். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான புகையிரதப் பாதை 1902இல் திறக்கப்பட்டது. பின்னர் அது தெற்கே நீண்டு கொழும்புடன் இணைந்தது. சந்தையும் கண்டி வீதியும் புகையிரத நிலையமும் ஒன்றையொன்று அடுத்திருந்தமையால், விளைபொருளோடு செய்தியும் பாட்டும் இங்கு வந்து இறங்கின. பலா செழிக்கும் இம்மண்ணில் மேளத்திற்கு மதிப்பிருந்தமை பொருத்தமே. தவிலின் உடல் பலாமரத்திற் குடைந்து எடுக்கப்படுவதன்றோ!

இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டு சென்றவர் நாதஸ்வர வித்துவான் கே. எம். பஞ்சாபிகேசன் (1924–2015). அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோடு பிரிக்கவியலாது இணைத்துப் பேசப்படுதல் போல, தென்மராட்சி மக்கள் நாதஸ்வரம் என்றவுடன் பஞ்சாபிகேசனையே நினைத்தனர். இன்னார் ஊரார் என்று ஒரு கலைஞரை உரிமை பாராட்டுவதும், அவர் பொருட்டு அயலூராரோடு வாதாடுவதும் யாழ்ப்பாணத்து இரசனையின் நீங்காப் பண்பாகும். இப்பண்பு தோன்றியது கோயில் வீதியிலேயே.

யாழ்ப்பாணத்துத் திருவிழாவின் பொருளாதார அமைப்பை அறியாதவருக்கு அதன் இசையை விளங்கிக்கொள்ளல் அரிது. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தாரின் அல்லது ஒரு குறிச்சியாரின் உபயமாக அமையும். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் அழைத்தாரெனின் இன்றைய உபயகாரர் நான்கு கூட்டம் அழைத்தல் கௌரவப் பிரச்சினை. புகையிலைப் பணமும் மலாயாவில் உத்தியோகம் பார்த்தோரின் ஓய்வூதியமும் இப்போட்டியில் வந்து கலந்தன. தமிழகத்திலிருந்து பெரும் வித்துவான்கள் அழைக்கப்பட்டனர். சப்பறத் திருவிழா இரவில், சுவாமி வீதியில் நிற்க, ஒரு கூட்டத்தார் விட்ட இடத்திலிருந்து மறு கூட்டத்தார் தொடங்கும் மேளச்சமா விடியும்வரை நீளும். நிலவுடைமையாளரின் வீண் பெருமை இங்கே ஓர் அரிய கலைக்குத் தன்னையறியாமற் பொருளுதவி செய்தது. வரலாற்றில் இத்தகைய முரண்பாடுகள் பல.

ஆயின் அக்கலையைக் கையில் வைத்திருந்தவரின் நிலை யாது? மேளகாரர் பிறப்பினாற் குறிக்கப்பட்ட ஒரு சமூகத்தினர். விடியும்வரை ஊரையே மெய்ம்மறக்கச் செய்தவர் பொழுது விடிந்ததும் ‘கோயிற் பணி செய்பவர்’ என்ற தம் பழைய இடத்திற்குத் திரும்ப வேண்டியவராயிருந்தார். மேலாடையின்றி, துண்டை இடுப்பிற் கட்டி வாசிப்பதே மரபெனப்பட்டது. தமிழகத்துச் செட்டிநாட்டிலே கானாடுகாத்தானில், தோளில் துண்டு அணிந்து வாசித்த நாதஸ்வரக் கலைஞர் சிவக்கொழுந்து அதனை எடுக்குமாறு வற்புறுத்தப்பட்டபோது, சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர் பக்கம் நின்று வாதாடிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஒரு துண்டின் இடம் பற்றிய வழக்கு அது. ஆயினும் ஒரு மனிதனின் இடம் பற்றிய வழக்காகவே அது நடந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) கிராப்புத் தலையும் மேலங்கியுமாகத் தோன்றியதைச் செருக்கென்று கூறிய இரசிகர் இருந்தனர். அச்செருக்கின் பின்னே தலைமுறைகளின் தலைகுனிவு இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கேட்டவரின் இடமும் இவ்வாறே வகுக்கப்பட்டிருந்தது. உபயகாரரும் உறவினரும் முன்னே, ஏனையோர் பின்னே, ஒடுக்கப்பட்ட சாதியினர் மதிலுக்கு வெளியே. பெண்கள் ஒதுங்கி நின்று கேட்டனர். ‘இசைக்குச் சாதி இல்லை’ என்று நம் இரசிகர் கூறும்போது நாம் மறுக்கவில்லை. ஆயின் இசை கேட்கும் வெளிக்குச் சாதி இருந்தது.

மூன்று நிமிடத் தோடி

1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அதனைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் தென்னாட்டு இசையும் தட்டிலேறியது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகும். கோயில் வீதியில் மணிக்கணக்கில் விரிந்த தோடியை இராஜரத்தினம்பிள்ளை இந்தச் சிறு வட்டத்துள் அடக்கினார். அத்தோடி தென்னகமெங்கும் பரவியது, யாழ்ப்பாணத்திற்கும் வந்தது.

இங்கேதான் இரசிகர் வாதத்தின் தன்மை மாறுகின்றது. அதுவரை வாதாடியவர்கள் நினைவை வைத்தே வாதாடினர். ‘அன்றிரவு நீ கேட்கவில்லை’ என்ற ஒரு சொல்லால் எதிராளியின் வாயை அடைத்துவிடலாம். தட்டு வந்தபின் இருவரும் ஒன்றையே, ஒரே நாளிற் பத்து முறை கேட்கலாயினர். ‘இவ்விடத்தில் அவர் காந்தாரத்தை அசைக்கும் விதத்தைக் கேள்’ என்று ஊசியைத் தூக்கி மீண்டும் வைத்துக் காட்ட முடிந்தது. சங்கீத சாத்திரம் படியாத தையற்காரரும் கடைச் சிப்பந்தியும் இராகங்களை இனங்காணக் கற்றது இவ்வாறே. சபாக்களின் முன்வரிசையில் உட்காரும் வாய்ப்பற்றவருக்கு இசைத்தட்டு ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

அதே வேளையில் தட்டு ஓர் அநீதியையும் செய்தது. எது பதிவாயிற்றோ அதுவே செவ்வியது, எவர் பதிவானாரோ அவரே மேதை என்ற எண்ணத்தை அது வளர்த்தது. தட்டு வெளியிடும் நிறுவனங்கள் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்தன. அவற்றின் கணக்குப் புத்தகத்தில் யாழ்ப்பாணம் தட்டுகள் விற்பனையாகும் ஊர். தட்டுக்கு வாசிக்கும் ஊர் அன்று. ஆகவே ‘இராஜரத்தினமா, காருகுறிச்சியா’ என்று நம்மவர் வாதாடியபோது, நம் மத்தியிலிருந்த வித்துவான்கள் அத்தராசில் ஏறவேயில்லை. பஞ்சாபிகேசன் ஓர் இரவில் வாசித்தது கேட்டவர் செவியோடு நின்றது.

காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) புகழ் பெருகியதில் திரைப்படத்திற்கும் பங்குண்டு. 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து அவர் நாதஸ்வரம் ஆபேரி இராகத்தை ஒலித்தபின், அதுவரை மேளச்சமாவில் நாட்டமில்லாதோரும் அவர் பெயரை அறிந்தனர். ‘திரைக்கு வாசித்தது தரமிறங்கியதன்றோ’ என்று ஒரு சாராரும், ‘ஆயிரக்கணக்கான மக்கள் கேட்டது தரமிறக்கமாகுமா’ என்று மறுசாராரும் வாதாடினர். இவ்வாதம் இன்றும் தீரவில்லை. ஒரு கலை பலரைச் சென்றடைவது அதன் குற்றமாகாது; சென்றடையும் வழியை எவர் கையகப்படுத்தி வைத்துள்ளார் என்பதே கேட்கத்தக்கது என்பது நம் கருத்து.

தேநீர்க்கடை வானொலி

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலி என்ற பெயரைப் பெற்றது. 1950இல் வர்த்தக சேவை தோன்றியது. 1952இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இரசனையைக் கெடுப்பனவென்று கருதி, அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை விலக்கினார். விளைவு யாது? இந்திய நேயர்கள் இலங்கையின் பக்கம் தம் செவியைத் திருப்பினர். தமிழகத்து வீடுகளில் எஸ். பி. மயில்வாகனனின் குரல் குடும்பத்தவர் குரல் போலாயிற்று. மக்களின் இரசனையை மேலிருந்து ஆணையிட்டுத் திருத்த முயன்ற அரசு, 1957இல் விவித பாரதியைத் தொடங்கித் தன் தோல்வியை ஒப்புக்கொண்டது.

சாவகச்சேரி போன்ற சந்தை நகரங்களில் வானொலியின் முதல் மண்டபம் தேநீர்க்கடை. கறுவாப்பட்டை நிறத்துப் பெட்டியொன்று தட்டின் மேல் வீற்றிருக்கும். கடையின் வாங்குகளில் அமர்ந்தோர் கேட்பர். வீதியில் நின்றோரும் கேட்பர். வீதியில் நின்றோர் அனைவரும் விரும்பி அங்கு நிற்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கடையினுள்ளே இடமில்லை. வெளியே, தகரப்பேணியிலோ போத்தலிலோ தேநீர் ஊற்றப்படும். உள்ளே இருந்தவனும் வெளியே நின்றவனும் ஒரே பாட்டைக் கேட்டனர். ஒரே பாடகரை விரும்பினர். ஒருவேளை ஒரே வாதத்தையும் தத்தம் வட்டத்துள் நடத்தினர். கால் நுழைய முடியாத இடத்திற் செவி நுழைந்தது.

இதைக் கொண்டு ‘இசை சாதியை ஒழித்தது’ என்று எழுதுவோர் உளர். அஃது உண்மையன்று. வெளியே நின்று கேட்டல் சமத்துவமாகாது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கூட நூலில் இருந்ததேயன்றிக் கடையில் இருக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையிற் சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமுமே கதவுகளைத் திறந்தன. அடிபட்டும் உயிரிழந்தும் மக்கள் வென்ற உரிமை அது. வானொலியின் முன் வாங்கிலே அமர்ந்து பாட்டுக் கேட்கும் உரிமையும் அதனுள் அடங்கும். இசை அவ்வெற்றிக்கு வித்திட்டதென்று கூறுவதற்கில்லை. ஆயின் அவ்வெற்றியின் பின்னரே இசை எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இந்த இடத்தில் இன்னொரு மௌனத்தையும் குறிப்பிடல் வேண்டும். தவிலின் சொற்கட்டுகளை நுணுகி நுணுகி ஆராய்ந்த நம் இரசிகர், பறையைப் பற்றி வாதாடியதில்லை. அதுவும் தோற்கருவியே, அதற்கும் அடவுகளும் நடைகளும் உள, அதிலும் மேதைகள் இருந்திருப்பர். ஆயின் சாவீட்டு முற்றத்தில் வெயிலில் நின்று அடித்தவரின் பெயரை எந்த இரசிகரும் தம் பட்டியலில் எழுதவில்லை. பறை அடித்தலைக் கட்டாயச் சாதிக் கடமையாகச் செய்ய மறுத்ததும் அக்காலத்துப் போராட்டத்தின் ஒரு கூறாகும். தம் கலை இழிவின் அடையாளமாக்கப்பட்டதால் அதனையே கைவிட வேண்டிய நிலை ஒரு சமூகத்திற்கு நேர்ந்தது. அவ்விழப்பு எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை.

கணக்கும் நாதமும்

யாழ்ப்பாணத்து இரசிகர் வாதங்களின் சிகரம் தவில் மேதை தட்சணாமூர்த்தியைப் பற்றியதே. இணுவில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இற் பிறந்த அவர், தமிழகத்துப் பெரும் நாதஸ்வரக் கலைஞர் பலருக்குத் தவில் வாசித்து, அந்நாட்டு வித்துவான்களே வியக்கும் நிலையை எய்தி, 1975இல் 41ஆம் வயதில் மறைந்தார். ஈழத்துக் கலைஞர் ஒருவர் தமிழகத்தின் அளவுகோலிலேயே முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டமை நம்மவரின் தாழ்வுணர்ச்சியை நீக்கிய நிகழ்ச்சியாகும்.

தவிலின் வலந்தலை விரல்களிற் பூட்டிய கூடுகளால் ஒலிப்பது. தொப்பி குச்சியால் ஒலிப்பது. தட்சணாமூர்த்தியின் இரசிகருள் ஒரு பிரிவினர், அவர் தாளத்தை மும்மை, ஐம்மை, எழுமை எனப் பகுத்துக் கோத்து, எவரும் எதிர்பாரா இடத்திற் சமத்தில் வந்து இறங்கும் கணக்கின் திறனையே போற்றினர். மற்றைப் பிரிவினர், கணக்கு எவர்க்கும் கற்பிக்கக் கூடியது, அவர் கையின் நாதமோ எவருக்கும் வாய்க்காதது என்றனர். நாம் நோக்குமிடத்து இவ்விரு பிரிவினரும் ஒன்றையே இரு முனைகளிலிருந்து பிடித்துள்ளனர். விரைவின் உச்சத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிவாகக் கேட்டலினாலேயே அக்கணக்குக் கேட்பவனுக்கு விளங்கிற்று. நாதத் தெளிவு இல்லையேற் கணக்கு வெறும் இரைச்சல்.

இத்தகைய நுண்ணிய வாதத்தை இன்றைக்கும் நடத்தக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் யார்? பெரும் நிறுவனங்கள் அல்ல. கலியாண வீட்டுப் பந்தலிலும் கோயில் வீதியிலும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்று, ஒலிவாங்கியை நீட்டிப் பிடித்த இரசிகர்களே. அவர்களுள் ஆசிரியர் இருந்தனர், எழுதுவினைஞர் இருந்தனர், சிறு கடைக்காரர் இருந்தனர். பதிவினிடையே குழந்தையின் அழுகையும் வெடிச்சத்தமும் ‘ஆகா’ என்ற கூக்குரலும் கலந்திருக்கும். நமக்கு அவை குறையாகத் தோன்றவில்லை. கேட்ட மக்களும் அப்பதிவில் இடம் பெற்றுவிட்டனர். அம்ஷன் குமார் 2015இல் தட்சணாமூர்த்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அது இந்திய தேசிய விருதையும் பெற்றது. மேதை மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின் அவர் கலையைப் பற்றிப் படமெடுக்க முடிந்ததென்றால், அந்நாற்பதாண்டும் அதனைக் காத்தவர் இரசிகரே.

கிற்றாரும் மாமியும்

1970ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் இறுகின. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்ப் படைப்புகளுக்கு இடம் ஏற்பட்டது. அக்காலத்திலேயே ஈழத்துப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றை முணுமுணுக்காத மாணவர் இல்லை. கிற்றாரும் கொங்கோ மேளமும் கொண்டு, பைலாத் தாளத்திற் பாடப்பட்டவை அவை. அந்தப் பைலாவின் வரலாறே ஒரு பாடம். போர்த்துக்கேயரோடும், அவர்களால் இத்தீவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களோடும் வந்த ஆட்டமும் பாட்டும் கரையோரச் சிங்களவரிடையே பரவி, 1940களில் வாலி பஸ்தியனால் புத்துருப் பெற்று, பின்னர் தமிழிற் புகுந்தன.

சங்கீதம் அறிந்தோர் முகஞ்சுளித்தனர். முற்போக்காளருட் சிலரும் இதனை மேனாட்டுச் சீரழிவென்றனர். கேளிக்கையைத் தவிர இவற்றில் யாதுமில்லை என்ற கண்டனத்திற் சிறிது நியாயமுண்டு. மாமியைச் சுற்றிச் சுற்றி வந்த பாடல்கள் பெண்ணை நகைப்பொருளாக்கியதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயின் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி தன் சொந்த உச்சரிப்போடு இசைத்தட்டில் ஏறியதும், சிங்களமும் தமிழும் ஒரே பாட்டிற் கைகோத்ததும் சிறு செயல்களல்ல. ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தின் வழியே தமிழகத்தையும் அடைந்தது. அதே 1977இல் இலங்கையில் இனவன்செயல் மூண்டது. ஒரு பாட்டு இரு மொழிகளை இணைத்துவிட்டது; அரசியல் அவற்றைப் பிரித்துவிட்டது. பாட்டால் அரசியலைத் தடுக்க முடியவில்லை. தேநீர்க்கடையில் நாம் கண்ட உண்மையே இங்கும் உறுதிப்படுகின்றது.

மேனாட்டு ரொக் இசையின் இரசிகரும் இவ்வாறே வாதாடுபவர். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கலாயிற்று. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டினை வெளியிட்டபோது, தட்டு முழுவதையும் ஒரு நூலைப் போலக் கேட்டு விவாதிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. எத்தட்டு தலைசிறந்தது என்று அவர்கள் இன்றும் பட்டியலிடுகின்றனர். ஆனால் அவ்விசையின் வேர் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களிற் கறுப்பின உழைப்பாளர் பாடிய புளூசில் உள்ளது. ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தம் பெயரையே மடி வாட்டர்சின் 1950ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுத்தனர். பிக் மாமா தோர்ன்ரன் என்ற கறுப்பினப் பெண் 1952இற் பாடிப் பதிவு செய்த ‘ஹவுண்ட் டோக்’ என்னும் பாட்டை 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். செல்வம் எங்கே குவிந்ததென்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பறையை மறந்த யாழ்ப்பாணத்து இரசிகனும், தோர்ன்ரனை மறந்த மேனாட்டு இரசிகனும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். ‘எது சிறந்தது’ என்று மட்டும் கேட்பவன் ‘எவருடையது’ என்று கேட்பதில்லை.

கையாற் சுழற்றிய பாட்டு

ஒலிநாடா மலிவானது, படியெடுக்க எளிது. 1980களில் அது தட்டின் இடத்தைப் பிடித்தது. ஆனால் 1981 ஜூன் முதலாம் நாளின் முன்னிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலானபோதே, நம் நினைவுக் களஞ்சியங்கள் எத்துணை எளிதில் அழியக்கூடியவை என்பது தெரிந்துவிட்டது.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. பொருளாதாரத் தடை இறுகியது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினர். மிதியைக் கையாற் சுழற்றினர். டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலியும் ஒலிநாடாவும் இயங்கின. செய்தி கேட்பதற்காகவே இம்முறை பெரிதும் பயன்பட்டதெனினும் பழைய பாடல்களும் மேளமும் அதன்வழியே ஒலித்தன. ஒருவர் கை ஓயும்போது இன்னொருவர் மிதியைப் பிடிப்பார். கை தளர்ந்தாற் பாட்டின் சுருதியும் தளரும். இசை கேட்டலைச் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்போர் இந்த உழைப்பைக் கணக்கிற் கொள்ளட்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். சாவகச்சேரியின் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் மரநிழல்களும் வீடுகளாயின. அந்நடையில் மக்கள் தூக்கி வந்தவை அரிசி, ஆவணங்கள், குழந்தைகள். பளுவான, எளிதில் உடையும் 78 சுழற்சித் தட்டுகளை எவர் தூக்கி வருவார்? 2000ஆம் ஆண்டுச் சண்டைகளிற் சாவகச்சேரியே இடிபாடாயிற்று. சந்தையும் கடைகளும் வீடுகளும் தரைமட்டமானபோது அவற்றினுள்ளே இருந்த நாடாக்களுக்கும் தட்டுகளுக்கும் நேர்ந்த கதியைக் கூற வேண்டியதில்லை. அழிந்த கட்டடங்களுக்கு இழப்பீட்டுப் படிவம் இருந்தது. அழிந்த ஒலிக்குப் படிவம் இருக்கவில்லை.

எஞ்சியவை இடம்பெயர்ந்தோரின் பெட்டிகளோடு தொரொன்ரோவிற்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றன. அந்நகரங்களில் வாழும் இரசிகர் இன்று பழைய வாதத்தையே தொடர்கின்றனர். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. சாவகச்சேரிச் சந்தையும் எழுந்தது. பழைய மேளப் பதிவுகள் கைப்பேசிகளில் திரும்பி வந்து கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றுட் பல பெயரற்று வருகின்றன. நாதஸ்வரம் யார், தவில் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு, பதிந்தவர் யார் என்ற விவரம் எதுவுமில்லை. வாதாடிய முதியோர் மறைய மறைய, ஒலியைக் கேட்டு ஆளை இனங்காணும் செவிகளும் மறைகின்றன.

நம் முன்னுள்ள பணி

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். இரசிகரின் வாதம் நம் மக்களின் எழுதப்படாத இசை வரலாறு. அதனைக் காத்தவர் சாதாரண மனிதர். ஆயின் அது பாதி வரலாறே. மதிலுக்கு வெளியே நின்று கேட்டவரும், கடைக்கு வெளியே நின்று கேட்டவரும், பறை அடித்தவரும், பெண்களும் அதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. மேதையின் விரலைப் பற்றிப் பேசிய அளவு, அம்மேதைக்கு வழங்கப்பட்ட கூலியையும் இருக்கையையும் பற்றி நாம் பேசவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியைத் தொடங்கலாம். பெரும் பொருள் தேவையில்லை. 2005இல் தோன்றிய நூலகம் நிறுவனம், நம் நூல்களையும் ஏடுகளையும் எண்ணிம வடிவிற் காக்கும் முயற்சியில், தன்னார்வலரின் உழைப்பு எத்துணை சாதிக்குமென்பதைக் காட்டியுள்ளது. தென்மராட்சியின் ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலுள்ள முதியோரைத் தேடிச் செல்லட்டும். அவர்களிடமுள்ள ஒலிநாடாக்களை ஒட்டிக்கொள்ளுமுன் படியெடுக்கட்டும். ஒவ்வொரு பதிவின் மீதும் வாசித்தவர் அனைவரின் பெயரும், இடமும், ஆண்டும், பதிந்தவரின் பெயரும் எழுதப்படட்டும். ஒத்து ஊதியவரும் தாளம் போட்டவரும் ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்லுள் மறைக்கப்படலாகாது. அத்தோடு, நாடா எதுவுமில்லாதவரிடமும் மாணவர் செல்லட்டும்: ‘அன்று நீங்கள் எங்கே நின்று கேட்டீர்கள்?’ என்ற ஒரு வினாவைக் கேட்கட்டும்.

அவ்வினாவிற்கு வரும் விடைகளையும் சேர்த்து எழுதிய பின், இராஜரத்தினமா காருகுறிச்சியா, கணக்கா நாதமா என்று நாம் மீண்டும் வாதாடுவோம். அவ்வாதம் முன்னையதினும் காரசாரமாகவே இருக்கும். ஏனெனில் அப்போது வாதாடுவதற்கு எல்லோரும் உள்ளே வந்திருப்பர்.